தங்கபாயின் பதினேழாம் கடலை

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் பொன்னுராஜுக்குப் பஞ்சின் தரம் பார்க்கும் வேலை. மூடையிலிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, இரண்டு பெருவிரல்களுக்கும் நடுவே இழுத்து இழுத்து, இழையின் நீளத்தைச் சொல்லிவிடுவார். அவருடைய மூத்த மகள் தங்கபாய் வேளாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்று, 1983-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பயறு வகைகளை ஆராயும் சிறிய அலுவலகம் ஒன்றில் சேர்ந்தாள். ஆணையை வாங்கிப் படித்த தகப்பனார் கேட்ட முதல் கேள்வி, "பருத்தி இல்லையா?" என்பதுதான்.

"கொண்டைக்கடலைப்பா."

"சுண்டல் கடலையா? அதுல ஆராயறதுக்கு என்ன கெடக்கு? ஊறப்போட்டா வேகும். வேகலைன்னா ஆப்பசோடா."

"வேகறதுக்கு முன்னாடி அது வெளையணுமேப்பா."

அந்தப் பதிலைப் பொன்னுராஜ் பல நாள் ஆலையில் சொல்லிச் சிரித்தார். ஆனால் தங்கபாய் சொன்னதில் விளையாட்டு இல்லை. கொண்டைக்கடலை குளிரை நம்பி வாழும் பயிர். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் கரிசல் காட்டில் குளிர் என்று சொல்லத் தக்கது மார்கழியும் தையுமே. ஐப்பசி மழை மண்ணுக்குள் விட்டுச் சென்ற ஈரத்தையும், விடியற்காலைப் பனியையும் வைத்துக்கொண்டு, மாசி வெயில் ஏறுவதற்குள் அந்தச் செடி முளைத்து, கிளைத்து, பூத்து, காய்த்து முடித்தாக வேண்டும். வடநாட்டிலிருந்து வந்த பெரிய பருப்பு ரகங்கள் இங்கே மாசி பிறக்கும்போதும் சாவகாசமாகத் தழைத்துக்கொண்டிருந்தன. பூவைக் கண்ட மறு வாரமே காய்ந்தன. உள்ளூர்க் கடலையோ காலத்தில் முடியும், ஆனால் கஞ்சன். ஒரு தண்டு, இரண்டு கிளை, எண்ணிப் பத்துப் பதினைந்து காய். அதற்கு மேல் ஒன்றும் தராது.

இவை இரண்டையும் கலந்து, உள்ளூர்க் கடலையின் அவசரமும் வடநாட்டுக் கடலையின் தாராளமும் ஒன்றுசேர்ந்த ஒரு செடியைத் தேடுவதே தங்கபாயின் வேலையாயிற்று.

கலப்பது எளிதன்று. கடலை தன் பூவுக்குள்ளேயே தான் கருவுற்றுக்கொள்ளும் செடி. பூ விரிவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். ஆகையால் அரிசியை விடச் சற்றே பெரிய மொட்டை இடுக்கியால் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை ஒன்று விடாமல் கிள்ளியெடுத்து, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். 1984-ஆம் வருடத்து மார்கழிக் காலைகளில் தங்கபாய் மண்டியிட்டு அதைச் செய்தாள். கடலை இலையில் சுரக்கும் புளிப்பு அவளுடைய விரல் நுனிகளைப் பொத்துப்போகச் செய்தது. சேலைக் கரையை அரித்தது. தொட்ட மொட்டுகளில் பெரும்பாலானவை வாடி உதிர்ந்தன. மிஞ்சியவற்றின் விதை ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது.

அந்தக் கைப்பிடியின் பிள்ளைகள் மண்ணில் வந்தபோதுதான் அவளுக்கு உண்மையான வியப்பு ஏற்பட்டது. ஒரே கலப்பில் பிறந்தவை. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்று நெட்டையாய் நின்றது. ஒன்று தரையோடு படர்ந்தது. ஒன்றுக்குப் பருத்த பருப்பு, ஆனால் காய் சொற்பம். ஒன்றில் காய் கொத்துக் கொத்தாக, ஆனால் பருப்பு மிளகளவு. நிறையக் கிளைத்தவை தாமதமாகப் பூத்தன. சீக்கிரம் பூத்தவை கிளைக்க மறந்தன. எதையும் சும்மா தருவதில்லை என்று ஒவ்வொரு செடியும் பேரம் பேசியது. பேரத்தில் கொஞ்சம் இளகிய செடிகளை மட்டும் தங்கபாய் தனித்தனியே எடுத்து, அடுத்த பருவத்தில் தனித்தனி வரிசைகளில் விதைத்து, அவற்றுள் தேறியவற்றை மறுபடியும் பிரித்து, ஐந்தாம் தலைமுறையில் இருபது வகைகளுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அவற்றுள் பதினேழாம் எண்ணின் மீது அவளுக்கு ஒரு பற்று உண்டாகியிருந்ததை அவளே ஒப்புக்கொள்வாள். ஒருவரும் தொடாமல், உரம் கூட்டாமல், அடித்தண்டிலேயே நான்கைந்து கிளை விட்டுத் தரையோடு அமரும் செடி அது. களையெடுக்க வரும் பெண்களின் கொத்துக்கு, அதாவது கூலிக் குழுவுக்கு, தலைவியான கருத்தம்மாள் அதற்கு "அடைக்கோழி" என்று பெயர் வைத்திருந்தாள்.

வகைகளைச் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. நிலம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு மூலையில் ஈரம் கூடுதல், ஒரு மூலையில் சுண்ணாம்புக்கல். ஆகையால் காட்டை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, இருபது வகைகளையும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு முறை, திருவுளச்சீட்டுப் போட்டு இடம் மாற்றி விதைப்பார்கள். மூன்று இடத்திலும் ஒரு வகை முன்னே நின்றால், அது மண்ணின் தயவு அன்று, விதையின் குணம் என்று கொள்ளலாம். இப்படி மூன்று வருடம் சோதித்து, இருபதில் இரண்டை மட்டும் மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. மற்றவை தகர டப்பாவில் அடைபட்டு அலமாரிக்குப் போகும். நான்கைந்து வருடத்தில் அங்கேயே முளைப்புத் திறன் இழக்கும். அலமாரிக்குப் போன வகை திரும்பி வந்ததாக அந்த அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை.

பதினேழு முதல் வருடம் முந்தி நின்றது. இரண்டாம் வருடம் பூத்த வேளையில் பெய்த தை மழை எல்லா வகைகளையும் ஒரே போலக் கெடுத்து, அதை நடுவில் தள்ளிவிட்டது. மூன்றாவது வருடம்தான் முடிவு. 1991-ஆம் ஆண்டு கார்த்திகையில், சோணைமுத்து என்ற சம்சாரியின், அதாவது விவசாயியின், கரிசல் காட்டில் மூன்று தொகுதிகளும் விதைக்கப்பட்டன. அலுவலகத் தலைவர் சௌந்தரபாண்டியன் விதைத்த அன்றே சொல்லிவிட்டார்:

"தங்கபாய், மூணு தொகுதிக் கணக்கும் சுத்தமா வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் கமிட்டி ஏத்துக்காது. அப்புறம் உங்க பதினேழுக்கு நாமளே டப்பா தேட வேண்டியதுதான்."

தங்கபாய் பெண்களைக் கூட்டி வைத்து விவரமாகச் சொன்னாள்: வரப்பைத் தாண்டக் கூடாது, பச்சைக் காயைப் பிடுங்கித் தின்னக் கூடாது, குச்சியில் கட்டிய சீட்டைக் கழற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் கருத்தம்மாள் தலையாட்டினாள்.

மார்கழியில் செடிகள் சாணளவு உயர்ந்தபோது கிறிஸ்மஸ் வந்தது. தங்கபாய் நான்கு நாள் விடுப்பில் ராஜபாளையத்துக்குப் போனாள். போகும்போது கருத்தம்மாளிடம், "பண்டிகைக்கு மறுநாள் வீட்டுக்கு வாங்கக்கா, சாப்பிட்டுப் போகலாம்" என்று அழைத்திருந்தாள்.

சொன்னபடி மறுநாள் முற்பகலில் கருத்தம்மாளும் அவளுடைய கூட்டாளி முத்தாத்தாளும் பஸ் ஏறி வந்து இறங்கினார்கள். வாசலிலேயே கருத்தம்மாளின் குரல் கேட்டது.

"வீடு கண்டுபிடிக்கிறதுக்குள்ள போதும்னு ஆயிட்டு. ஆபீசரம்மா வீடு எதுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியலை. பஞ்சு பாக்கிறவுக வீடுன்னதும் கையப் புடிச்சுக் கூட்டியாந்து விட்டான்."

"அப்படிச் சொல்லு!" என்றார் பொன்னுராஜ், மகிழ்ச்சியோடு. "படிச்ச படிப்பெல்லாம் பஞ்சுக்குப் பொறவுதான்."

முத்தாத்தாள் ஒரு மஞ்சள் பையைத் தங்கபாயின் கையில் திணித்தாள். "பண்டிகை வீட்டுக்கு வெறுங்கையா வரலாமா? பருப்புப் போட்டுக் கடைஞ்சு பாருங்க. புளியே வேண்டாம். நேத்துச் சாயங்காலம் பறிச்சது."

தங்கபாய் பையைத் திறந்தாள். உள்ளே இளந்தளிராக, பனிவாடை மாறாமல், கடலைக் கொழுந்து. அரைப் பைக்கு மேல் இருந்தது.

"இது எந்தக் காட்டுக் கொழுந்துக்கா?" என்று கேட்டாள்.

"எந்தக் காடா? நம்ம சோணைமுத்து காடுதான்" என்றாள் கருத்தம்மாள்.

"பரீட்சை போட்டிருக்கோமே, அந்தக் காடா?"

"ஆமாம்மா. நீங்க ஊருக்குப் போயிட்டீக. செடியானா ஒத்தத் தண்டா மேலே மேலே ஓடுது. இந்தப் பருவத்துல நுனியக் கிள்ளி விட்டாத்தானே பக்கத்துல கிளைக்கும்? மார்கழியில கிள்ளாம விட்டா கடலை என்னத்தக் காய்க்கும்?" என்றவள், தங்கபாயின் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். "ஏட்டி முத்தாத்தா, என்னமோ தப்புச் செஞ்சிட்டோம் போலுக்கே."

சோறு பரிமாறப்பட்டது. தங்கபாய் பரிமாறினாளே தவிர உண்ணவில்லை. அவர்கள் கை கழுவியதும் மூவருமாக அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள்.

காட்டின் முதல் தொகுதி முழுவதும் கிள்ளப்பட்டிருந்தது. இருபது பாத்தியிலும் ஒரு செடி தப்பவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. பொழுது சாய்ந்துவிட்டதால் மற்ற இரண்டு தொகுதிகளையும் ராஜபாளையம் போய் வந்த பிறகு கிள்ளலாம் என்று விட்டுவைத்ததாகக் கருத்தம்மாள் சொன்னாள்.

கோபப்பட யாரும் இல்லை என்பதே தங்கபாய்க்குப் பெரும் வேதனையாக இருந்தது. கடலைக் காட்டில் மார்கழி மாதம் கொழுந்து கிள்ளுவது அந்தக் கரிசல் ஊர்ப் பெண்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வேலை. செடிக்கும் நல்லது, வீட்டுக் குழம்புக்கும் ஆகும். ஆலைத் தெருவில் வளர்ந்த தங்கபாய் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அலுவலகப் பண்ணையில் ஒருவரும் கிள்ளுவதில்லை. அவள் கூடாது என்று சொன்னவற்றுள் அது இடம்பெறாததற்கு அதுவே காரணம். எந்த வகை தானாகக் கிளைக்கும், எது கிளைக்காது என்பதைக் கண்டறியவே அந்தச் சோதனை. நுனியைக் கிள்ளிவிட்டால் எல்லாச் செடியும்தான் கிளைக்கும். வேறுபாட்டைக் காண விதைத்த இடத்தில் வேறுபாடு அழிந்துபோயிற்று.

செய்தி கேட்டுச் சோணைமுத்து வந்து வரப்பில் குந்தினார். ஒரு செடியின் கிள்ளிய நுனியைத் தடவிப் பார்த்தார்.

"தாயி, ஆடு கடிச்சுட்டுன்னு எழுதிப்போடுங்க. எம்புட்டோ காட்டுல கடிக்கி. என் ஆடுன்னே எழுதுங்க, வேற யாரு தலையிலயும் விழ வேண்டாம்."

"ஆடு கடிச்சா இப்படியா வரிசையாக் கடிக்கும், அண்ணாச்சி?"

"படிச்ச ஆடுன்னு நெனச்சுக்கிடட்டும்."

அந்த வேளையிலும் முத்தாத்தாள் சிரித்துவிட்டாள். கருத்தம்மாள் அவளுடைய முதுகில் ஓர் அடி வைத்தாள். "சிரிக்கிய, ஏட்டி! பெரிய ஆபீசரு இனிமே நம்ம கொத்தக் கூப்பிடுவாகளா?"

தங்கபாய் அன்றிரவு ஆட்டைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஆடு என்று எழுதினால் ஒரு தொகுதி போகும், சோணைமுத்துவின் காவல் சரியில்லை என்று சோதனை இனி வேறு காட்டுக்குப் போகும், பதினேழும் போகும். ஒன்றும் எழுதாமல் மூன்றையும் கூட்டிச் சராசரி போட்டால், கிள்ளிய தொகுதியில் மற்றவையெல்லாம் கிளைத்து மேலே வந்து பதினேழை அமுக்கிவிடும். நடந்ததைச் சொன்னால் மூன்றாம் வருடச் சோதனை செல்லாது. எந்த வழியாகப் போனாலும் அலமாரியில்தான் முடிந்தது. ஆனால் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டதில் வேறொரு கேள்வி அவளுக்குள் எழுந்தது: தானாகவே கிளைக்கும் செடியைக் கிள்ளினால் என்ன ஆகும்?

மறுநாள் காலை அவள் சௌந்தரபாண்டியனின் மேசை முன் நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு தொகுதி போச்சு. மிச்சம் ரெண்டு. ரெண்டை வெச்சு நான் என்ன பண்ண?"

"சார், அந்த ரெண்டுலயும் ஒவ்வொரு பாத்தியையும் பாதியாப் பிரிச்சு, பாதியை மட்டும் கிள்ளிடலாம்னு பாக்கறேன்."

"இருக்கிறதையும் கெடுக்கணுங்கிறீங்களா?"

"இப்படியே விட்டா மூணாவது வருஷக் கணக்கு எப்படியும் செல்லாது, சார். பாதி கிள்ளினா, ஒரே வகை கிள்ளினா எப்படி, கிள்ளாட்டா எப்படின்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். கிளை கையால வருதா விதையால வருதான்னு தெரிஞ்சுரும். கிள்ளற பருவம் இன்னும் ரெண்டு மூணு நாள்தான் இருக்கு."

"பதினேழு அதுல தோத்துட்டா?"

"தோத்துட்டா டப்பா தேடிக்கலாம், சார்."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க பொறுப்புல செய்யுங்க. பங்குனிக் கூட்டத்துல எழுந்து நின்னு நீங்கதான் பதில் சொல்லணும். நான் வாயைத் திறக்க மாட்டேன்." பிறகு, வேறு யாரையோ பற்றிப் பேசுபவர் போல, "அந்தப் பொம்பளைங்களை நிறுத்திடாதீங்க. கிள்ளத் தெரிஞ்ச கை வேணுமே இப்போ" என்றார்.

கருத்தம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நேத்துக் கிள்ளுனதுக்குக் கண்ணுல தண்ணி விட்டீக. இன்னைக்கிக் கிள்ளுங்கிறீக. ஒரு பேச்சுல நில்லுங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பாதிதான்க்கா. குச்சிக்கு இந்தப் பக்கம் கிள்ளணும், அந்தப் பக்கம் தொடவே கூடாது."

"ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் சிரைச்ச மாதிரியா? பயிருக்கே வெக்கமா இருக்குமே."

ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. தங்கபாய் ஒவ்வொரு பாத்திக்கும் நடுவே குச்சி நட்டுக்கொண்டே போக, இரண்டு பெண்களும் பின்னாலேயே குனிந்து, அதே உயரத்தில், அதே அளவில் நுனியைக் கிள்ளிக்கொண்டு வந்தார்கள். இம்முறை தங்கபாயும் கிள்ளினாள். எத்தனை இலைக்குக் கீழே கிள்ளுவது, எந்தத் தண்டை விட்டுவிடுவது என்று கேட்டுக் கேட்டுச் செய்தாள். விதைப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவற்றை அப்போது கேட்டாள்.

தை பிறந்தது. கிள்ளிய பாதிகள் கண்ணைப் பறித்தன. ஒற்றைத் தண்டாய் நின்ற நெட்டை வகைகளும் பக்கவாட்டில் நான்கு, ஐந்து என்று கிளைத்துப் புதராயின. இருபது வகையில் எது எது என்று சீட்டைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை. கிள்ளாத பாதிகளில் நெட்டை நெட்டையாகவே நின்றது. கஞ்சன் கஞ்சனாகவே இருந்தது. தங்கபாய் காலையும் மாலையும் நடந்து பார்த்தாள். கிள்ளிய பக்கம் எல்லாம் இவ்வளவு செழிக்கும்போது பதினேழுக்கு இனி என்ன மதிப்பு என்ற கலக்கம் நாளுக்கு நாள் வளர்ந்தது.

ஒரு நாள் களையெடுத்துக்கொண்டிருந்த கருத்தம்மாள் பதினேழாம் பாத்தியில் நிமிர்ந்து நின்றாள்.

"இங்க வாங்கம்மா. இந்த அடைக்கோழிக்கு என்ன கோவம்? எல்லாச் செடியும் கிள்ளுன பக்கம் பொங்கி நிக்கி. இது மட்டும் ஒரு கிளைகூடக் கூட வைக்கலியே. வீணால்ல கிள்ளிட்டோம் இத?"

தங்கபாய் குந்தி எண்ணினாள். இந்தப் பக்கத்துச் செடி, அந்தப் பக்கத்துச் செடி. மறுபடியும் எண்ணினாள். அடுத்த தொகுதியிலிருந்த பதினேழுக்கு ஏறக்குறைய ஓடிப்போய் அங்கேயும் எண்ணினாள். கிள்ளினாலும் கிள்ளாவிட்டாலும் அதே கிளைகள். கிள்ளிய பக்கம் பூ மட்டும் ஒரு வாரம் பிந்தியிருந்தது.

"வீண் இல்லக்கா" என்றாள் அவள், மூச்சு வாங்க. "நீங்க கையால மத்ததுக்குக் கொடுத்தீங்க இல்லையா, அது இதுக்கு விதையிலேயே இருக்கு. ஏற்கெனவே இருக்கிறவனுக்குக் கொடுத்தா வாங்கிக்க என்ன இருக்கு?"

"எங்க வீட்டு மருமவனுக்கு யாராச்சும் இதச் சொல்லணுமே" என்றாள் முத்தாத்தாள். "எம்புட்டு இருந்தாலும் வாங்கிக்கிடுதான்."

மாசியில், காய் தெறிக்காமல் இருக்கப் பனி ஈரம் உலர்வதற்குள் செடிகளைப் பிடுங்கி, பாத்தி வாரியாகக் கட்டி, களத்தில் கம்பால் அடித்துப் பிரித்தார்கள். கணக்கு வந்தது. கிள்ளாத பாதிகளில் பதினேழு எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது. கிள்ளிய பாதிகளில் அது நடுவில், பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. இந்தக் கணக்கை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது தங்கபாய்க்குத் தெரிந்தே இருந்தது.

பங்குனிக் கூட்டத்தில் அப்படியே ஆயிற்று. வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் தாளை மேசையில் வைத்தார்.

"மார்கழியில நுனியைக் கிள்ளினா மத்த வகைகளே இந்த அளவு காய்க்குதுன்னு நீங்களே காட்டியிருக்கீங்க. அப்ப சம்சாரிங்களைக் கிள்ளச் சொன்னாப் போச்சு. புது ரகம் எதுக்கும்மா?"

சௌந்தரபாண்டியன் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. தங்கபாய் எழுந்தாள்.

"ஐயா, கொழுந்து கிள்ளறது அந்த ஊர்ல பழைய வழக்கம். வழக்கம்தான்னாலும், பெரிய காட்டுல யாரும் கிள்ளறதில்லை. ஊரை ஒட்டின துண்டு நிலத்துல, குழம்புக்குத் தேவையான அளவுக்குத்தான். மார்கழியில கடலைக்கும் பருத்திக்கும் களையெடுப்பு ஒண்ணா வருது. பாதிப் பெண்கள் தீப்பெட்டி வேலைக்குப் போறாங்க. கிள்ள ஆள் கிடைக்கிறதில்லை. அது ஒண்ணு. இன்னொண்ணு, கிள்ளின செடி ஒரு வாரம் பிந்திப் பூக்குது. ஈரம் முன்னாடியே வத்திப்போற வருஷத்துல அந்த ஒரு வாரம்தான் பயிரோட உசிரு. பதினேழுக்கு அந்த வாரத்தை யாரும் விலையாக் கொடுக்க வேண்டாம்."

"நீங்க இதைத் திட்டம் போட்டா செஞ்சீங்க?"

"இல்லீங்க. விதைக்கறதுக்கு முன்னாடி அந்த ஊர் வழக்கத்தைக் கேக்காம விட்டது என் தப்பு. முதல் தொகுதி அப்படித்தான் போச்சு. மத்தது அதுக்கப்புறம் யோசிச்சுச் செஞ்சது."

பிறகு உறுப்பினர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் வருடச் சோதனையாக இதை ஏற்பதற்கில்லை என்று முடிவாயிற்று. ஆனால் டப்பாவுக்கும் அனுப்பவில்லை. ஐந்து சம்சாரிகளின் காடுகளில், ஒவ்வொன்றிலும் பாதி கிள்ளியும் பாதி கிள்ளாமலும், பதினேழை மற்ற வகைகளோடு மறுபடியும் வைத்துப் பார்ப்பது என்று எழுதினார்கள். படியிறங்கும்போது சௌந்தரபாண்டியன், "தோத்துட்டு வந்த முகமா இது? போய்க் காடு பாருங்க" என்றார்.

அந்த ஐந்து காடுகளுள் ஒன்றில் வாடல் நோய் விழுந்து இருபது வகையும் சேர்ந்து போயிற்று. ஒன்றில் பதினேழு இரண்டாவதாக நின்றது. மூன்றில் முதலாவது. மேற்கொண்டு விதையைப் பெருக்குவதற்கு அனுமதி கிடைத்தது. ரகமாக வெளியிடுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் கடைசிக் கூட்டம் 1994-ஆம் ஆண்டு பங்குனிக்கு ஒதுக்கப்பட்டது. அதுவரை ஒரு மணி விதைகூட வெளியே போகக் கூடாது என்பது அலுவலக உத்தரவு. அடித்த கடலையைத் தங்கபாய் தன் கண் முன்னாலேயே கோணியில் தைத்து அரக்கு முத்திரை வைத்தாள்.

கூட்டத்துக்கு முந்தின தை மாதத்தில் அவள் ஓர் உளுந்துக் காட்டைப் பார்க்க வத்திராயிருப்புக்குப் போக நேர்ந்தது. கிருஷ்ணன்கோவிலில் பஸ் மேற்கே திரும்பியது. மலையடிவாரத்து மானாவாரி மேட்டில், சாலையோரமாக, அரை ஏக்கர் அளவில் கடலை நின்றது. ஜன்னல் வழியே அதைக் கண்ட தங்கபாய் கண்டக்டரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள்.

"ஸ்டாப் இன்னும் வரலைம்மா."

"எனக்கு வந்துட்டுது" என்று இறங்கினாள்.

அடித்தண்டிலேயே நான்கு, ஐந்து கிளை. சிவப்புப் பூ முடிந்து, கீழிருந்து மேல்வரை காய். ஒரு செடிகூட மாறாமல் அத்தனையும் பதினேழு. காவல் குடிசையிலிருந்து காட்டுக்குச் சொந்தக்காரர் இறங்கி வந்தார். மலைச்சாமி என்று பெயர் சொன்னார்.

"என்னம்மா, காய் பிடுங்க வந்தீகளா?"

"இல்லைங்க. விதை நல்லாயிருக்கே, எங்க வாங்கினீங்க?"

"வாங்குனதா? ரெண்டு வருசத்துக்கு முன்ன என் கொழுந்தியா கெழக்க ஒரு காட்டுக்குக் கடலை அடிக்கப் போனா. முந்தானையில ஒரு முடிச்சு முடிஞ்சிட்டு வந்தா. ஒரு வருசம் கொல்லையில போட்டுப் பெருக்கிட்டு இங்க போட்டேன். அடுத்த வருசம் நாலு பேரு கேட்டிருக்காக." அவர் குனிந்து ஒரு செடியை அவளுக்குப் பிரித்துக் காட்டினார். "இதோட குணம் என்னன்னா, நுனி கிள்ள வேண்டியதே இல்ல. தானாக் கெளைக்கும். ஒங்களுக்குக் கடலையப் பத்தித் தெரியுமோ என்னமோ."

உத்தரவு, முத்திரை, பங்குனிக் கூட்டம் எல்லாம் தங்கபாயின் நினைவுக்கு வரத்தான் செய்தன. கூட்டத்தில் என்ன எழுதினாலும் இந்தக் காட்டிலிருந்து இதை யாரும் பிடுங்கி அலமாரியில் வைக்க முடியாது. அவள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கினாள்.

"குறை ஒண்ணும் இல்லையா?"

"ஏன் இல்லாம? காய்ப்புழு! மத்தக் கடலைய விட இதுல சாஸ்தி. காய் சேர்ந்தாப்புல கெடக்கா, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவிருது. யாராச்சும் படிச்சவுக இதுக்கு ஒரு வழி பண்ணுனாத் தேவல."

"எங்க, ஒரு புழுவைக் காட்டுங்க."

மலைச்சாமி துளை விழுந்த காயொன்றைக் கிள்ளி அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைப் பிளந்து பார்த்தாள். பக்கத்துச் செடியில் இன்னொன்றைத் தேடினாள். புழு விழாத செடிகள் எவை, அவற்றில் காயின் தோல் தடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வரிசையில் நகர்ந்தாள். வத்திராயிருப்புக்கான அடுத்த பஸ்ஸும் ஒலி எழுப்பிக்கொண்டு கடந்து போயிற்று.

"ஏம்மா, பஸ்ஸு போகுது!" என்று மலைச்சாமி கூவினார்.

"போகட்டுங்க" என்றாள் தங்கபாய், நிமிராமலே. "இந்தச் செடியில புழுவே விழலை, பாத்தீங்களா? இதை மட்டும் பிடுங்காம தனியா விட்டு வைங்க. மாசிக் கடைசியில வாரேன்."

"அம்புட்டுத்தானே? வாங்க. ரெண்டு படி விதையும் தாரேன், ஒங்க ஊர்லயும் போட்டுப் பாருங்க."